ரெட்டைப்பெட்டி

அந்த ஜன்னல் கண்ணாடிய சித்த நகத்தி விடு அம்மிணி. காத்தே வரல. ம், போதும் போதும். மாசி மாசத்துலயே இந்த வெயிலு அடிக்குது, சித்திரைக்கு என்ன பண்ணப் போறமோ தெரியல.

நீ எங்க எறங்கற? கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு. நான் கொன்றைக்காட்டுப் பிரிவுல எறங்கோணும். எறங்கறதா, இல்ல இப்படியே போயி அடுத்த வண்டியப் புடிச்சு ஊடு போயிச் சேர்றதான்னு இன்னும் முடிவு பண்ணல. டிக்கெட்டு என்னமோ எடுத்தாச்சு. முக்கா மணி நேரம் ஆவும்னு கண்டக்டரு சொல்றாரு. அதுக்குள்ள எனக்கு ஒரு ரோசனை சொல்லு. படிச்ச புள்ளையாட்டத் தெரியற, போனையும் நல்லா நோண்டற. என் வெவகாரமும் போனுல வந்ததுதான்.

இந்தச் சட்டையத்தான அப்பப் புடிச்சுப் பாக்கற? சீலைக்கு மேல ஆம்பள முழுக்கைச் சட்டை போட்டிருக்கறாளே, காட்டு வேலைக்குப் போறவளோன்னு நெனச்சிருப்ப. இல்ல கண்ணு. எனக்குத் தாராபுரத்துல மாவு மில்லு. இன்னிக்கு மில்லப் பூட்டிப் போட்டுட்டு வந்திருக்கறேன். இன்னேரம் ராகி மூட்டையோட நாலு பேரு கதவத் தட்டிப் பாத்துட்டு என்னைத் திட்டிக்கிட்டு நிப்பாங்க. திட்டட்டும். இது எங்கூட்டுக்காரரு சட்டை. எதுக்குப் போட்டிருக்கறேன்னும் சொல்றேன்.

எங்கூட்டுக்காரரு சர்வேயரு. ஆயுசு பூரா ஊரான் காட்டுல சங்கிலி புடிச்சு அளந்த மனுசன். ரிட்டயரானதும் அளக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. என்னை அளக்க ஆரம்பிச்சாரு. பருப்புல உப்பு எச்சா, வாசல்ல கோலம் கோணல், மில்லு பெல்ட்டு லூசுன்னு. ரெண்டு வருசம் தாங்கினேன். அப்பத்தான் அவருகூட ஆபீசுல இருந்த ஒருத்தரு இந்த வெளையாட்டப் போனுல ஏத்திக் குடுத்தாரு. இங்கிலீசுல என்னமோ ஒரு பேரு அதுக்கு. இவரு ரெட்டைப்பெட்டின்னுதான் சொல்லுவாரு. நானும் அப்படியே சொல்லிப் பழகிட்டேன்.

எப்படின்னா, இங்க ஒம்பது பெட்டி, அங்க ஒம்பது பெட்டி. பெட்டின்னா சோப்பு டப்பா அளவுதான். நம்மூரச் சுத்தி எங்கியோ ஒரு வாய்க்கா மதகுல, கல்லுச் சந்துல ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அங்கன்னா, அது வேற நாட்டுல. எடம் எங்கன்னு போனு காட்டும், ஆனா முழுசாக் காட்டாது. இத்தன டிகிரி இத்தன நிமிசம்னு நம்பரு போட்டு, கடைசி மூணு எண்ணக் காலியா வுட்டுரும். அந்த மூணு எண்ணு அவங்க பெட்டி மூடிக்குள்ள எழுதியிருக்கும். நம்ம மூடியில இருக்கறது அவங்களுக்கு. அவங்க தேடி எடுத்துச் சொன்னாத்தான் நமக்கு வழி. நாம சொன்னாத்தான் அவங்களுக்கு வழி. ஒருத்தரு ஒக்காந்துட்டா ரெண்டு பேரும் ஒக்காரோணும். அதுதான் இதுல இருக்கற ஒரே கெரகம்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கும்னா கேக்கற? நானும் அதத்தான் கேட்டேன். ஒண்ணும் இருக்காது. ஒரு சின்ன நோட்டு, ஒரு துண்டுப் பென்சிலு. அதுக்காக அறுபத்தி ரெண்டு வயசு மனுசன் வேகாத வெயில்ல சீமைக்கருவேல முள்ளுக்குள்ள பூந்து, முழங்காலெல்லாம் கீறலா வருவாரு. தேங்காயெண்ணெயப் போட்டுத் தடவிக்கிட்டு, சின்னப் புள்ளையாட்டம் சிரிப்பாரு. எனக்கு எரிச்சலா வரும்.

கூட வெளையாடறவரு யாருன்னு போனே சேத்து வெச்சுரும். இவருக்கு வாய்ச்சவரு திருகோணமலைக்காரரு. குணரத்தினம்னு பேரு. தபாலாபீசுல இருந்து ரிட்டயரானவரு. இவர விட ஆறு வயசு மூப்பு, அதனால தம்பின்னுதான் எழுதுவாரு. "தம்பி, இண்டைக்கு மூண்டு மணித்தியாலம் தேடினன். பெட்டி ஆப்பிட்டுது. இலக்கம் எட்டு, ஒண்டு, அஞ்சு"ன்னு வரும். இவரு அத ரெண்டுவாட்டி சத்தமாப் படிப்பாரு, நான் காது கேக்காதவ மாதிரி. கடைசியில தவறாம ஒண்ணு கேப்பாரு அந்த ஐயா. "இண்டைக்கு என்ன சாப்பாடு?"

அதக் கேட்டுட்டாப் போதும், இவருக்குப் பெருமை தாங்காது. கத்திரிக்காக் கொழம்பு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம், அப்பளம்னு வரிசையா எழுதுவாரு. நான் அன்னிக்கு வெச்சது கொள்ளுப் பருப்பு ஒண்ணுதான் இருக்கும். "ஏங்க பொய் எழுதறீங்க"ன்னா, "அந்த மனுசன் படிச்சுச் சந்தோசப்படட்டுமே. நீ நெசமாவே செஞ்சீன்னா நானும் சந்தோசப்படுவேன்"ம்பாரு. என் சமையலக் கடல் தாண்டி அனுப்பிக்கிட்டு இருந்தாரு. அவரும் வுட மாட்டாரு. "எங்கட வீட்டில புட்டும் சொதியும். மனுசி நல்லாத்தான் செய்யிறவ, ஆனா சொல்லமாட்டன், சொன்னா தலைக்குமேல ஏறிடுவா"ன்னு எழுதுவாரு. மனுசின்னா அங்க பொண்டாட்டியாம். ரெண்டு கெழவனுங்களும் பொண்டாட்டி கை பக்குவத்தப் பேசிக்கிட்டுக் கெடந்தானுங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம.

ஒருநாளாவது போன் பண்ணிப் பேசறதுதானேன்னு கேட்டேன். பேசினா வெளையாட்டுக் கெட்டுப் போயிருமாம். ஒம்பதாவது பெட்டி முடியட்டும், அன்னிக்கு மொகத்தப் பாத்துக்கலாம்னு ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம். அதுவரைக்கும் கை மட்டுந்தான். பெட்டிய எடுத்தா, மூடியத் தொறக்காம கையில வெச்சு போட்டோ புடிச்சு அனுப்போணும், அது சட்டம். சித்திரையில ஆரம்பிச்சாங்க. ஆறு மாசம் ஒருத்தரு கைய ஒருத்தரு பாத்தே பழகினாங்க.

புரட்டாசி மூணாவது சனிக்கெழமை ஆறாவது பெட்டிய எடுத்தாரு. அமராவதி ஆத்தோரம் ஒரு பழைய படித்துறையில இருந்துச்சாம். ஊட்டுக்கு வந்து அவரு கணக்கு நோட்டுல எழுதினாரு. சித்த படுக்கறேன்னாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு ஒக்காந்தாரு. ஆட்டோ வந்து, ஆஸ்பத்திரி போயிச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

நான் அழுவுல. அழுவறதுக்கு எங்க நேரம்? வந்த ஒறம்பரை சனத்துக்கு டீ போடறதே பெரிய வேலையாப் போச்சு. பையன் ஓசூர்ல இருந்து வந்தான், காரியம் பண்ணினான், லீவு இல்லைன்னு போனான். அவனக் குத்தம் சொல்லல. எல்லாரும் போனதுக்கப்பறம் ஊடு பெருசாப் போச்சு அம்மிணி. இருக்கறது ரெண்டு ரூமு, அதுவே பெருசாப் போச்சு.

பதினோராம் நாளு. யாரோ சார்ஜு போட்டு வெச்சிருந்த அவரு போனு டிங்குன்னுது. எடுத்துப் பாத்தா, "தம்பி, சத்தத்தைக் காணேல்ல. ஆறாம் பெட்டி ஆப்பிட்டுதோ? இலக்கத்துக்குக் காத்துக்கொண்டு இருக்கிறன். இண்டைக்கு என்ன சாப்பாடு?"

அவரு தவறிட்டாருன்னு எழுதறதுக்குத்தான் ஒக்காந்தேன். சத்தியமா அதுக்குத்தான் ஒக்காந்தேன். ஆனா எத எழுதினாலும் மேல அவரு பேரு வருது. அவரு பேரப் போட்டு, அவரு செத்துட்டாருன்னு நான் எப்படி எழுதறது? முப்பத்தி நாலு வருசத்துல அவரு பேர நான் வாயால சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூட கார்ட நீட்டிருவேன். நீயும் கேக்காத, சொல்ல மாட்டேன்.

எழுதினத அழிச்சுட்டேன். அவரு கணக்கு நோட்டத் தொறந்தேன். ஆறாவது பெட்டின்னு போட்டு, பக்கத்துல இருபத்தேழு புள்ளி நாலுன்னு இருந்துச்சு. ரெண்டு, ஏழு, நாலுன்னு அனுப்பி வுட்டேன். சாப்பாடுன்னு வேற கேட்டிருக்கறாரே, ஒரு மனுசன் கேட்டா பதில் சொல்லோணுமில்ல? சாதம்னு போட்டேன். அன்னிக்கு ஊட்ல இருந்தது அதுதான். ஒருத்திக்கு என்ன சமையலு, ஒரு டம்ளர் அரிசி வெச்சா ரெண்டு நாளைக்கு வருது.

ஒடனே கேட்டுட்டாரு. "தம்பி, உடம்புக்கு ஏலாதோ? ஒரு சொல்லோட நிப்பாட்டிப் போட்டீர்"ன்னு. திருடி மாட்டிக்கிட்ட மாதிரி போனக் குப்புறக் கவுத்து வெச்சுட்டேன். பதில் போடல.

அவருக்குக் கோவம் வந்துருச்சு. வராம என்ன பண்ணும்? மூணு வாரம் பேச்சே இல்ல. மூணு வாரங்கழிச்சு ஒரு சேதி. "அண்ணா, மூன்று நாட்கள் தேடினேன். பெட்டி இல்லை. மன்னிக்க வேண்டும்." அவ்வளவுதான். பொஸ்தகத்துல இருக்கற மாதிரி எழுதியிருக்குது. அண்ணாவாம்! தம்பி தம்பின்னு உருகின வாயி. திடீர்னு மரியாதை எச்சா ஆனா என்ன அர்த்தம், கோவம்னுதான? எங்க மாமியா என் மேல கோவமா இருந்தாத்தான் வாங்க மகராசின்னு கூப்புடுவாங்க. சாப்பாடு என்னன்னும் கேக்கல. அன்னிக்கிருந்து இன்னி வரைக்கும் அத ஒருவாட்டி கூடக் கேக்கல.

அந்தச் சாதம்னு போட்ட ஒரு வார்த்தையில வந்த வெனை.

ஐப்பசி மழை அங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துதுன்னு டிவியில காட்டறான். அதுல எழுவதத் தொடற வயசுல மூணு நாளு தேடியிருக்கறாரு. மனசு கேக்கல. நானே அமராவதி ஆத்துக்குப் போனேன். படித்துறைக் கல்லு சந்துல கைய வுட்டு அந்த ஆறாவது பெட்டிய எடுத்துத் தொறந்தேன். மூடியில நாலு, அஞ்சு, ஆறு. அவரு நோட்டுல இருபத்தேழு புள்ளி நாலு. நோட்ட முன்னுக்கும் பின்னுக்கும் பொரட்டினதுக்கப்பறம்தான் புடிபட்டுது. சர்வேயரு புத்தி! நிமிசத்துக்குக் கீழ விநாடின்னு எழுதியே பழகின கை. பெட்டியில வர்றது நிமிசத்தையே ஆயிரமாப் பங்கு போட்ட கணக்கு. இவரு அத விநாடியா மாத்தி நோட்டுல எழுதி வெச்சுட்டு, அனுப்பறப்ப மறுபடி மாத்தி அனுப்புவாரு. மில்லுக்கு கிலோவுல வந்த தானியத்தப் படிக்கணக்குல எழுதி வெச்ச மாதிரி. எனக்கு எங்க தெரியும்? அப்படியே அனுப்பிட்டேன். போனுல ரெண்டையும் போட்டுப் பாத்தா முந்நூறு மீட்டருக்கு மேல தள்ளிக் காட்டுது. அத்தன தூரம் தள்ளி மழையில மண்ணக் கிளறியிருக்கறாரு.

எனக்கு ஒண்ணுதான் புரியல. குணரத்தினம் ஐயாவுக்கு இந்தக் கூத்து தெரியும். ரெண்டாவது பெட்டியிலயே இவரு இதே தப்பப் பண்ணி, அரை நாள்ல அவரு புடிச்சுட்டாரு. "தம்பி, காணி அளக்கிற கணக்கை இங்க அனுப்பாதையும்"னு சிரிச்சு எழுதினாரு. இருக்குது, நான் படிச்சேன். அப்படிப்பட்டவரு இந்தவாட்டி ஏன் கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அன்னிக்கே போயிப் பாத்திருப்பேனே. என்கிட்டக் கேக்கறதுக்குப் புடிக்காம மூணு நாளு நனைஞ்சிருக்கறாரு பாரு. அம்புட்டு வீம்பு.

சரியான எண்ண அனுப்பி, மன்னிக்கோணும்னு போட்டேன். மறுநாளே எடுத்துட்டாரு. நன்றி அண்ணான்னு ஒரு வரி. அவரு பெட்டி நம்பரும் வந்துருச்சு. இப்ப என் மொறை. நான் போகாட்டி அவரு ஒக்காரோணுமில்ல? ஏழாவது பெட்டி ஒரு இட்டேரிப் பாதைக்குள்ள. ரெண்டு பக்கமும் கள்ளி. ஆடு மேய்க்கற பொம்பள ஒருத்தி, என்னத்தத் தொலைச்சீங்கன்னு கேக்கறா. என்னன்னு சொல்றது? கொலுசுத் திருகாணின்னேன். அவளும் பாவம் ஒரு மணி நேரம் குனிஞ்சு தேடினா. எட்டாவது, ஒரு பாலத்துக்கடியில. எனக்கு இந்த வெளையாட்டு ஆவவே ஆவாது அம்மிணி. இதுல என்ன சொகம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அந்த மனுசனக் காக்க வெக்கக் கூடாதுன்னுதான் போறேன். பாலத்துக்கடியில மட்டும், பெட்டி கைக்குத் தட்டுப்பட்டப்ப, என்னங்கன்னு வாய் தானாக் கூப்புட்டுருச்சு. அங்க யாரு இருக்கறா?

சட்டைக்கு வர்றேன். கைய போட்டோ புடிக்கோணுமே. வளையலக் கழட்டற வேலை இல்ல, அதத்தான் எல்லாரும் சேந்து காரியத்தன்னிக்கே கழட்டிட்டாங்களே. அவரு சட்டையப் போட்டுக்குவேன். வாட்சையும் கட்டிக்குவேன். இந்தா பாரு, அவரு வாட்சு. வாரு எனக்குப் பத்தல. கடைசி ஓட்டையில மாட்டினாலும் வளையமாட்டம் சுத்துது. ஆணியக் காய்ச்சி ஒரு ஓட்டை எச்சாப் போட்டேன். இங்க பாரு, கோணலா. மில்லுல பெல்ட்டுக்கு ஓட்டை போட்ட கைதான், வாட்சுக்குப் போடறப்ப ஆணி வழுக்கிருச்சு. அவரு இருந்தா அதையும் அளந்து பாத்துக் கோணல்னு சொல்லியிருப்பாரு.

இன்னிக்குத்தான் அம்மிணி ஒம்பதாவது பெட்டி. அதுக்குக் கை மட்டும் பத்தாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அவங்கவங்க பெட்டிகிட்ட நிக்கோணும். பெட்டி நோட்டுல பேரெழுதி, நோட்டும் மொகமும் தெரியற மாதிரி போட்டோ புடிச்சு அனுப்போணும். அப்பத்தான் முடிஞ்சதுன்னு கணக்கு. பதினோரு மணின்னு பேச்சு. அவரு மூணுவாட்டி தள்ளி வெச்சுட்டாரு. ஒருவாட்டி கால் நோவுன்னாரு. ஒருவாட்டி மழைன்னாரு. ஒருவாட்டி ஆளுங்க வந்திருக்கறாங்கன்னாரு. ஒவ்வொருவாட்டியும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. நேத்து அவரே எழுதிட்டாரு, "அண்ணா, நாளைக்கு முடிச்சு விடுவம். இனியும் ஏலாது"ன்னு.

யோசிச்சுப் பாரு. அந்த மனுசன் போனத் தொறப்பாரு. சிநேகிதன் மொகத்த ஒரு வருசமாப் பாக்கோணும்னு இருந்தவரு. என் மொகம் இருக்கும். சிநேகிதன் செத்தது ஒண்ணு, அஞ்சு மாசமா ஒரு பொம்பள அவன் பேர்ல ஏமாத்தினது ஒண்ணு. ரெண்டும் ஒரே போட்டோவுல. வயசான நெஞ்சு தாங்குமா? எங்கூட்டுக்காரருக்குத் தாங்கலையே. போகாம இருந்தா அவரு அங்க நின்னுக்கிட்டே இருப்பாரு. போனா இது. இதுல நான் எறங்கறதா வேண்டாமா, நீயே சொல்லு.

அதுலயும் அவரு இப்ப ஒடம்பு செரியில்லாதவரு. இரு, காட்டறேன். கண்ணாடி எங்க... இந்தா. இது வைகாசியில அனுப்பினது. பாரு, கை எப்படி உருண்டையா இருக்குது. வாட்சு வாரு சதையில அழுந்திக் கெடக்குது. இது கார்த்திகையில வந்தது. குச்சியாட்டம் போயிருச்சு பாத்தியா? சக்கரையாத்தான் இருக்கும். இந்த வயசுல சடார்னு எறக்கிப் போடும். குளிரும் தாங்கல போல, முன்னெல்லாம் அரைக்கைச் சட்டை, இப்ப மணிக்கட்டு வரைக்கும் இழுத்து வுட்டுக்கறாரு. பாவம், பாத்துக்கறதுக்கு அந்த அம்மா இருக்கறாங்க, அது ஒண்ணு தேவலாம்.

என்ன, பெருசு பண்ணிப் பாக்கற? வாட்சா? அதே வாட்சுதான், ரெண்டுலயும் அதுதான். வாரா? வாருக்கு என்ன? ஓட்டைய எதுக்கு எண்ணற? அதுல ஆறு, இதுல... குடு இங்க. சித்த குடு.

ஏழு.

கடைசி ஓட்டை ஓரமெல்லாம் கருகியிருக்குது. கோணலா வேற இருக்குது. கம்பெனிக்காரன் போட்ட ஓட்டை இப்படி இருக்காது அம்மிணி.

இரு. அந்த வைகாசிப் படத்த மறுபடி காட்டு.

அண்ணான்னு எழுதினது அதுக்குத்தானா. அவரு பேர்ல எழுதினாலும், அடுத்த ஊட்டு ஆம்பளையத் தம்பின்னு எழுத அந்த ஐயாவோட மனுசிக்குக் கை வரல. அண்ணான்னு போட்டுட்டா. நான் கோவம்னு நெனச்சேன். அஞ்சு மாசம் கோவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சக்கரைன்னு வேற சொன்னேன். மூணு நாளு மழையில... அய்யோ, அவளுக்கு அந்தக் கணக்கு எங்க தெரியும்? கேட்டா மாட்டிக்குவோம்னு கேக்காம நனைஞ்சிருக்கறா. தப்பான எண்ணக் குடுத்துட்டு, வீம்புன்னு திட்டினேனே. நானா இருந்தாலும் அப்படித்தான் கேக்காம நனைஞ்சிருப்பேன்.

அப்ப, குணரத்தினம் ஐயா.

அந்த மூணு வாரம். கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்ச அந்த மூணு வாரம்.

இவரு போனது அவருக்குத் தெரியாது. கடைசியா உடம்புக்கு ஏலாதோன்னு கேட்டாரு, நான் பதில் போடல. அவரு போனது இவருக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாமயே ரெண்டு பேரும் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முள்ளுக்குள்ள பூந்துக்கிட்டு இருந்திருக்கறோம், அவங்கள ஏமாத்தக் கூடாதுன்னு.

இல்ல, ஒண்ணும் இல்ல. அழுவறேன்தான், வுடு. அன்னிக்கு வரல, இப்ப வருது. கண்டக்டரு பாத்தாப் பாக்கட்டும். உன் துண்டு வேண்டாம், சீலை இருக்குது.

மணி என்ன? பத்து நாப்பதா? போனக் குடு. நானே எழுதறேன், நீ சொல்ல வேண்டாம். என்ன எழுதறதுன்னு தெரியும். இந்தா, படிச்சுப் பாரு, எழுத்து செரியா இருக்குதா? "இண்டைக்கு என்ன சாப்பாடு?" அவங்க ஊருப் பேச்சுலயே போட்டிருக்கறேன். அனுப்பிட்டேன்.

படிச்சுட்டான்னு காட்டுதா? அந்த ரெண்டு கோடு வந்துருச்சா? எழுதறாளா? எழுதி எழுதி நிறுத்தறாளா? ஆமா, நானும் அப்படித்தான் பண்ணினேன், பதினோராம் நாளு. அவசரமில்ல. எழுதட்டும்.

வந்துருச்சு. நீ படி. எனக்குக் கண்ணு மறைக்குது.

திரும்பப் படி.

"எனக்கு மட்டுந்தான் சமையல். புட்டு மட்டும் அவிச்சன். அங்க என்ன?"

எனக்கு மட்டுந்தான்னு எழுதியிருக்கறா. போதும் அம்மிணி. இதுக்கு மேல அவ ஒண்ணும் எழுத வேண்டாம், எனக்குப் புரிஞ்சுது. நான் என்ன போடட்டும்? தக்காளிச் சோறு, காத்தால கட்டிக்கிட்டு வந்தேன், பையில இருக்குது. "எனக்கும் ஒருத்திக்குத்தான். தக்காளிச் சோறு." ஒருத்தின்னு போட்டா தெரிஞ்சு போயிருமேங்கறயா? தெரியட்டும். தெரியறதுக்குத்தான் போடறேன். பதினோரு மணிக்கு மொகத்தப் பாத்து அவ பதறக் கூடாது.

எறங்கறேன், எறங்கறேன். இனி என்ன கேள்வி? நோட்டுல யாரு பேரு எழுதறதுன்னுதான் நேத்திருந்தே வெசனம். ரெண்டு பேரையும் எழுதறேன். மேல அவரு பேரு, கீழ மரகதம்னு என் பேரு. அவரு பேரு என்னன்னு நீ கேக்கவே இல்ல, நல்ல புள்ள. தெய்வசிகாமணி. சொல்லிட்டேன் பாத்தியா. சொன்னா நாக்கு ஒண்ணும் வெந்து போகல.

அந்தா பிரிவு தெரியுது, அந்தப் புளியமரத்துகிட்ட. இந்தச் சட்டையக் கழட்டறேன், சித்த கையப் புடிச்சு இழு. ம். இனி எதுக்கு இது, வேர்த்து ஊத்துது. பையில வெச்சுரு. வாட்சு இருக்கட்டும், அவளும் கட்டிக்கிட்டுத்தான் வருவா. சீலை கசங்கிப் போச்சா? முந்தானையச் செரி பண்ணி வுடு. தலை எப்படி இருக்குது? முன்னால பறக்குதா? சீப்பு வெச்சிருக்கறயா கண்ணு, குடு. அவளும் இன்னேரம் தலையச் சீவிக்கிட்டுத்தான் இருப்பா.